இரண்டு குழாய்களும் என் கட்டைவிரலும்

மார்ச் 3, திங்கள்

இன்று பங்குதாரர் தராசில் விழுந்தார்.

இடது கண்ணும் அதன் கீழே கன்னமும் இருக்க வேண்டிய இடத்தில் நான் மாட்டிக்கொள்ளும் சிலிக்கான் துண்டுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறேன். லாபம் கேட்காது, வேலையும் செய்யாது, கடையைத் திறந்தால் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். வியர்த்தால் வழுக்கும். ஒர்க்‌ஷாப்காரருக்காக டிரம்மிலிருந்து கிரீஸ் அள்ளக் குனிந்தேன், கண்ணாடியோடு கழன்று தராசுத் தட்டில் விழுந்தது. தட்டிலிருந்து என் கண் என்னையே பார்த்தது.

ஒர்க்‌ஷாப்காரர் பதினெட்டு வருட வாடிக்கை. சட்டென்று தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் துண்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பயப்படாதீங்க, அந்த எடையை உங்க பில்லுல சேக்க மாட்டேன்" என்றேன். சிரிக்கவில்லை. நல்ல ஜோக்தான், சிரித்திருக்கலாம்.

சாயங்காலம் மகன் ஒரு தச்சரைக் கூட்டி வந்தான். கடையின் பின்பக்கம் எனக்கு ஒரு கண்ணாடி அறை போட வேண்டுமாம். கறுப்புக் கண்ணாடி.

"நீ உள்ள உக்காந்து போன் மட்டும் பாத்துக்கோம்மா. முன்னாடி நான் இருக்கேன்."

"எனக்கு போன்லதான்டா பேச்சு சரியா வரல. நேர்ல பேசினா எல்லாருக்கும் புரியுது."

"அதுக்கில்லம்மா..."

எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

தச்சர் அளவெடுக்க வந்தார். டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். மகன் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், வேலையாவது நடக்கும்.

மார்ச் 13, வியாழன்

பல் மருத்துவக் கல்லூரி. ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாடி, செயற்கை முக உறுப்புப் பிரிவு. அலமாரியில் மெழுகுக் காதுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் இடது காது. "வலது காதெல்லாம் வித்துப்போச்சா?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். என் மகனைவிடச் சின்னப் பெண். இந்த ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தால்தான் அவருக்குப் பட்டம்.

விஷயம் இதுதான். இரண்டு வருடம் முன்பு மேல்தாடையில் புற்று வந்து, இடது அண்ணம், அந்தப் பக்கத்துப் பல், கன்னம், கண் எல்லாவற்றையும் கொடுத்து உயிரை வாங்கினேன். அந்தப் பேரத்தில் எனக்கு வருத்தம் கிடையாது. அண்ணத்து ஓட்டையைப் பல் வைத்த ஒரு தட்டு அடைக்கிறது. நான் அதை மூடி என்பேன். மூடி இல்லையென்றால் குடிக்கிற தண்ணீர் மூக்கால் வரும், பேச்சும் அப்படியே. டாக்டரம்மா செய்கிற புது முகத்துண்டு இந்த மூடியோடு காந்தத்தால் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி வேண்டாம், பசை வேண்டாம். குனியலாம், மூட்டை தூக்கலாம், வாய்விட்டுச் சிரிக்கலாம்.

ஆனால் மூடிக்கு அடியில் என் வாய் ரணமாக, சிவந்து கிடக்கிறது. அந்த அழற்சி அடங்காமல் காந்தத்தின் பாரத்தைத் தாங்காதாம். அதனால் முதலில் ஒரு களிம்பு. பன்னிரண்டு பேர், இரண்டு வகைக் களிம்பு. ஒன்றில் மருந்து உண்டு, இன்னொன்றில் இல்லை. குழாயில் நம்பர் மட்டும்தான். எது எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். எட்டு வாரம். ஒழுங்காக முடிக்கிறவர்களுக்குப் புது முகம். மருந்தில்லாத களிம்பு வாங்கினவர்களுக்கும் கடைசியில் மருந்து கொடுத்து ஆற்றி, அப்புறம் மாட்டிவிடுவார்களாம்.

"காசு குடுத்து வாங்கிக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இது இன்னும் விற்பனைக்கு வராத சரக்குங்கம்மா" என்றார். என் பாஷையிலேயே பேசுகிறார். கெட்டிக்காரி.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று தடவை படித்தேன். குழாயை யாருக்கும் காட்டக் கூடாது, யாரோடும் மாற்றக் கூடாது. சரி என்று போட்டேன். எட்டு வாரத்துக்கும் சேர்த்து நான்கு குழாய் கொடுத்தார்கள்.

மகனிடம் சொன்னேன். "புது முகம் வரட்டும்மா, அப்புறம் நீயே முன்னாடி உக்காரு" என்றான். பெரிய மனசு. என் கடையில் எனக்கு இடம் கொடுக்கிறான்.

மார்ச் 27, வியாழன்

முதல் சோதனை. என் சிவப்பு அப்படியே இருக்கிறது. டாக்டரம்மா குழாயை எடை போட்டு, எவ்வளவு தடவியிருக்கிறேன் என்று எழுதிக்கொண்டார். அளவு சரியாம். என்னிடம் அளவு தப்புமா?

வெளியே பெஞ்சில் டிரைவர் இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், இதே பன்னிரண்டில் ஒருவர். மூக்கும் முன் அண்ணமும் இல்லை. கைக்குட்டை கட்டியிருப்பார். எலும்பும் தோலுமாக இருந்தார்.

"என்ன அண்ணே, இப்படி ஆயிட்டீங்க?"

"தடவினா நெருப்பா எரியுது மொதலாளியம்மா. ரெண்டு வாரமா பால்தான் உள்ள போகுது. இன்னைக்கு இவங்ககிட்ட சொல்லிட்டு நின்னுடலாம்னு பாக்கறேன்."

"குழாயைக் காட்டுங்க."

கை தானாக நீண்டது. பொய் சொல்வானேன், தானாக இல்லை. நான்தான் நீட்டினேன்.

அவருடையதில் ஒரு பொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தேன். தண்ணி. வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு புளிச்ச வாசம் வேறு. என்னுடையதை எடுத்துத் தேய்த்தேன். வெண்ணெய். விரலைப் பிரித்தால் நூல் விட்டது. நல்ல கிரீஸ் அப்படித்தான் நூல் விடும். முப்பது வருடம் டிரம் டிரம்மாக இந்த இரண்டு விரலால்தான் வாங்கியிருக்கிறேன். ஆய்வுக்கூடச் சீட்டைக் காட்டி விற்க வந்தவர்களை விரலைக் காட்டி அனுப்பியிருக்கிறேன்.

"அண்ணே, உங்களுது வெறும் தண்ணி. மருந்து என்னுதுலதான் இருக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க பஸ் சத்தத்தை வச்சே எஞ்சின்ல என்னன்னு சொல்வீங்கள்ல? அப்படித்தான்."

தலையாட்டினார். அந்த உதாரணம்தான் அவரைச் சாய்த்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

டிரைவர் கடைக்கு வந்தார். நேற்று உள்ளே போனவர் நிற்பதாகச் சொல்லவில்லை. என் குழாய்கள் அவருக்கு, அவர் குழாய்கள் எனக்கு. "வேணாம் மொதலாளியம்மா, அவங்க கையெழுத்தெல்லாம் வாங்கியிருக்காங்க" என்றார். நான்தான் நம்பர் சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டி, அவர் பையில் திணித்தேன்.

என்னால் இன்னும் கொஞ்ச நாள் ரணத்தோடு இருக்க முடியும். அந்த மனுஷனால் முடியாது. சட்டம் எழுதினவர்கள் பால் குடித்தா உயிர் வாழ்கிறார்கள்?

ஏப்ரல் 2, புதன்

இந்தத் தண்ணிக் களிம்பு எரிகிறது. தண்ணி எப்படி எரியும்?

ரணம் அதிகம், அதனால் இருக்கும்.

ஏப்ரல் 10, வியாழன்

இரண்டாம் சோதனை. என் சிவப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. டாக்டரம்மா இரண்டு தடவை விளக்கை அடித்துப் பார்த்தார்.

என் உடம்பு எப்போதும் சீக்கிரம் ஆறும். ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் கடைக்கு வந்தவள் நான்.

டிரைவர் பெஞ்சில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். "எரிச்சலே இல்ல மொதலாளியம்மா. உங்க விரல் சொன்னா சொன்னதுதான்." உள்ளே போய்வந்தபோது முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. "சிவப்பு ஏறியிருக்குங்கறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல."

விரல் சொன்னால் சொன்னதுதான். வீடு வரும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

டிரைவர் போன் செய்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லாம் மூக்குச் சத்தம், மூக்கே இல்லாதவரிடமிருந்து. அவர் மனைவி வாங்கிப் பேசினார்.

"வாயெல்லாம் வீங்கிப் போச்சுக்கா. வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கு. மூடியை உள்ள வைக்கவே முடியல. குடிக்கறதெல்லாம் வெளியே வருது. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னாரு."

என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டுமாம்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையிலேயே டிரைவர் வீட்டுக்குப் போனேன். நம்பர் சீட்டுகளைப் பழையபடி ஒட்டி, அவருடைய குழாய்களை அவரிடமே கொடுத்தேன். என்னுடையதில் மிச்சம் இருந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

கெட்டியா இருந்துச்சே. நூல் விட்டுச்சே. வாசமே இல்லாம சுத்தமா இருந்துச்சே...

அடியே, கலப்படக்காரன் மொதல்ல என்ன செய்வான்? கெட்டியாக்குவான். நூல் விடறதுக்குன்னே ஒரு பவுடர் போடுவான். வாசத்தைக் கழுவுவான். இது உனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவ நீதானே? எரிஞ்சுது, புளிச்ச வாசம் வந்துது — அதுதான் மருந்து. அந்த மனுஷனுக்கு மெதுவா வேலை செஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதைப் பிடுங்கி உன் வாயில பூசிக்கிட்டு, வெறும் மாவை அவருக்குக் குடுத்துட்டு வந்து, உடம்பு சீக்கிரம் ஆறுதுன்னு எழுதி வச்சிருக்கே.

அவர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "வெளியே சொல்லாதீங்க. ரெண்டு பேருக்கும் முகம் போயிடும். நான் அவங்ககிட்ட போய் வாயை மட்டும் காட்டிக்கிறேன்."

சரி என்றேன். அவரவர் சரக்கு அவரவரிடம் வந்தாகிவிட்டது. கணக்கு நேர். அப்படித்தானே?

ஏப்ரல் 20, ஞாயிறு

கணக்கு நேர் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்றாம் சோதனை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்து, "சிவப்பே இல்லம்மா" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, ஆனா மெழுகுல ஒரு மாதிரி வச்சுப் பாக்கலாமா?" என்றார். மெழுகைச் சூடாக்கி, என் வலது கன்னத்தைப் பார்த்துப் பார்த்து இடது கன்னம் செய்தார். இமையில் ஒரு மடிப்பு போட்டார். எனக்கு வலது இமையில் அப்படி ஒரு மடிப்பு இருப்பது இன்றுதான் தெரியும். மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

அதில் நான் இருந்தேன். அதற்குமேல் எழுத வரவில்லை.

கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே கேட்டேன், "ஆராய்ச்சி எப்படிப் போகுது டாக்டரம்மா?"

"குழப்பமா இருக்கும்மா. எல்லார் எண்ணும் அழகா ரெண்டு கூட்டமா பிரிஞ்சு வருது. ரெண்டே ரெண்டு பேர் மட்டும் பாதியில கட்சி மாறின மாதிரி மாறிட்டாங்க. பன்னண்டு பேர்ல ரெண்டு பேர்னா சின்ன விஷயம் இல்ல. இப்படியே முடிஞ்சா, இந்த மருந்து வேலை செய்யுதுன்னு என்னால எழுத முடியாது. இதோட நின்னுடும்."

லேபிள் ஒன்று, உள்ளே ஒன்று. இதற்காகவே எத்தனை பேரைக் கடைப்படி ஏறவிடாமல் அடித்திருக்கிறேன். வருகிற நோயாளி அத்தனை பேருக்கும் தப்பு லேபிள் ஒட்டிவிட்டு, நான் மட்டும் நல்ல முகத்தோடு முன் மேஜையில் உட்கார்ந்து அடுத்தவன் சரக்கைக் குறை சொல்வதா?

மெழுகைக் கழற்றினேன். மெதுவாகத்தான், உடைந்துவிடக் கூடாது என்று. தட்டில் வைத்தேன்.

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி நான்" என்றேன்.

முழுக்கச் சொன்னேன். டிரைவர் வேண்டாம் என்றார், நான்தான் திணித்தேன் என்பதையும் சேர்த்து. டாக்டரம்மா கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடியும் கழற்றினார்.

"ரெண்டு வருஷ வேலைம்மா" என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 25, வெள்ளி

டிரைவருக்கு நானே போய்ச் சொன்னேன். வீக்கம் குறைந்து, மூடி மாட்டும் அளவுக்கு வந்திருக்கிறார். முதல் தடவையாகக் கோபப்பட்டார்.

"உங்க முகத்தை நீங்க விட்டுக்குடுங்க, அது உங்க இஷ்டம். என் மூக்கையும் சேத்து வித்துட்டு வந்து நிக்கறீங்களே."

"விக்கல. வாங்கித் தரேன்."

"எந்தக் கடையில?"

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதையும் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

கல்லூரியில் விசாரணை. நீள மேஜை, அந்தப் பக்கம் நான்கு பெரியவர்கள், இந்தப் பக்கம் நான். டாக்டரம்மா ஓரத்தில். பங்குதாரரை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கண் இருந்த பள்ளத்தின் மேல் வெள்ளைப் பஞ்சுத் துணி ஒட்டிக்கொண்டு. இவர்கள் என்னைப் பார்க்காமல் பேசக் கூடாது என்று.

தலைவர், விதியை மீறிய இருவரும் நீக்கப்படுவார்கள் என்று படிக்க ஆரம்பித்தார்.

"ஐயா, என்னை நீக்குங்க, அது நியாயம். மூணு தடவை படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவரை நீக்கினா நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன். எரியற மருந்தை ரெண்டு வாரம் பொறுத்துக்கிட்டுத் தடவினவரு அவரு. மாத்தச் சொன்னது நான்."

"அது விதியில்..."

"இன்னொண்ணு. என் தப்பை ஒத்துக்கிட்டாச்சு, அதனால இதையும் சொல்லிடறேன். உங்க ரெண்டு களிம்பும் கைக்கு வேற வேற. ஒண்ணு ஓடுது, ஒண்ணு நிக்குது. ஒண்ணுக்கு வாசம் உண்டு, ஒண்ணுக்குக் கிடையாது. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நம்பர் ஒட்டறீங்க, உள்ள இருக்கற சரக்கே கத்திச் சொல்லுது. நான் தப்பாப் படிச்சேன். சரியாப் படிச்சவங்க இருக்க மாட்டாங்களா? அந்த பெஞ்சில பன்னண்டு பேரும்தான் உக்காந்திருக்கோம். மத்தவங்க ஒப்பிட்டுப் பாத்தாங்களான்னு யாராவது கேட்டீங்களா?"

ஓரத்தில் இருந்த பெரியவர் மட்டும், "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

"கிரீஸ்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

மே 9, வெள்ளி

கடிதம் வந்தது. இரண்டு நம்பரும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கம். டிரைவருக்குத் தனியாகச் சிகிச்சை தொடரும், வாய் ஆறியதும் மூக்கு பொருத்துவார்கள். எனக்கு இல்லை.

நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. ஆனாலும் மத்தியானம் சாப்பிடவில்லை.

மே 10, சனி

"அப்ப புது முகம் இல்லையா?" என்றான் மகன்.

"இல்ல."

"ஏம்மா, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

கொஞ்ச நேரம் டப்பாக்களை அடுக்கினான். அப்புறம், "தச்சரை வரச் சொல்லட்டுமா?" என்றான். நான் மேஜையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி, "அந்தப் பக்கம் பிடி" என்றேன். வாசலுக்கு நேரே கொண்டுவந்து போட்டோம். பங்குதாரரைக் கழற்றி டிராயரில் வைத்தேன். பஞ்சுத் துணியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வர்றவங்க என்னம்மா நெனப்பாங்க?"

"வர்றவங்க பேரிங்குக்கு கிரீஸ் வாங்க வர்றாங்க. என்னைப் பொண்ணு பாக்க வரல."

சிரிக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபட்டான்.

மே 15, வியாழன்

வாய் நன்றாக ஆறியிருப்பதால் பேச்சு தெளிவாக வருகிறது. அதுவும் டிரைவரிடமிருந்து எடுத்ததுதான். மறக்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்காரர் வந்தார். பஞ்சுத் துணியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். விலை சொன்னேன். "ரொம்ப ஓவரா இருக்கே" என்றார்.

ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த மனுஷன் என்னிடம் ஒரு தடவைகூடப் பேரம் பேசியதில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஓடுவார். இன்று கால் மணி நேரம் சண்டை போட்டோம். நான் ஒரு பைசா குறைக்கவில்லை. இரண்டு பேருக்கும் திருப்தி.

ஜூலை 8, செவ்வாய்

டாக்டரம்மாவே கடைக்கு வந்தார். டிரம்களுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டு அழுக்காகிவிடும் என்று கழற்றி மடித்துக்கொண்டார்.

மற்ற பத்துப் பேரையும் கேட்டார்களாம். நான்கு பேர் பெஞ்சில் ஒப்பிட்டுப் பார்த்தது உண்மையாம். முழு ஆராய்ச்சியும் முதலிலிருந்து. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகிறது.

"உங்க மேல கோவம் இன்னும் போகலம்மா" என்றார்.

"போக வேணாம். உக்காருங்க."

"புதுக் களிம்புல ரெண்டும் கைக்கு ஒரே மாதிரி இருக்கணும். எரிச்சலையும் குறைச்சிருக்கோம். மெஷின் ஒண்ணுதான்னு சொல்லுது. எனக்கு உங்க விரல் வேணும்."

"என் விரல் தப்பாச் சொன்ன விரல்."

"தப்பாச் சொல்லுச்சு. ஆனா வித்தியாசம் இருக்குன்னு சரியாச் சொல்லுச்சே."

புது ஆராய்ச்சியில் எனக்கு இடம் உண்டா என்று கேட்டேன். கேட்பதில் என்ன வெட்கம்? ஆறின வாயைச் சேர்க்க முடியாதாம். அதுவும் போக, களிம்பைச் சோதிக்கிறவர் அதில் நோயாளியாக இருக்கவே கூடாதாம். விற்பனைக்கு வர இன்னும் சில வருடம் ஆகலாம். வரட்டும். முதல் ஆளாக வாங்குவேன், பேரம் பேசித்தான் வாங்குவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 22, செவ்வாய்

முதல் மாதிரி. பத்து ஜோடியில் எட்டைச் சரியாகப் பிரித்துவிட்டேன். டாக்டரம்மா முகம் தொங்கிப்போனது. காய்ந்த பிறகு ஒன்று கொஞ்சம் பிசுக்கென்று நிற்கிறது, அதைச் சரிசெய்யுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இரண்டாம் மாதிரி. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். "பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சிருக்கு" என்றேன். சோதனைக்கூடத்துப் பையன்கள் சிரிக்கலாமா என்று டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

தேய்த்தேன். நூல் இழுத்தேன். முகர்ந்தேன். நாக்கில் வைத்தேன். மணிக்கட்டில் தடவி, காயும்வரை உட்கார்ந்திருந்தேன். பத்து ஜோடியும் முடிந்ததும், "எது எதும்மா?" என்றார்.

"தெரியல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முப்பது வருஷத்துல இந்த வார்த்தையை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல டாக்டரம்மா. தெரியல."

அதையே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

வெளியே பெஞ்சில் டிரைவர். போன வாரம்தான் மூக்கு பொருத்தினார்கள். கைக்குட்டை இல்லை. பத்து கிலோ ஏறியிருப்பார். என்னிடம் இன்னும் பழையபடி பேச்சு இல்லை, ஆனால் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"உள்ள என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னேன்."

"இதை அன்னைக்கே இந்த பெஞ்சில சொல்லியிருக்கலாம் மொதலாளியம்மா."

பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சிரித்தும் மூக்கு இம்மிகூட அசையவில்லை.